கூடாரவாசியின் பந்தி



இந்த உரைக்கான அழைப்பிதழில் 'விவிலியத்தில் அந்நியரை உபசரித்தல்' என்று தலைப்பு அச்சாகியிருக்கிறது. அதைப் படித்ததும் வசதியான ஒரு வீடும், பெரிய மனசுள்ள வீட்டுக்காரரும், வாசலில் நிற்கும் ஏழை வழிப்போக்கரும் கண்முன் வந்திருப்பார்கள். நான் சொல்ல வந்தது வேறு. விவிலியத்தில் அந்நியருக்குக் கதவு திறந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்துப் பாருங்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த ஊருக்கு வந்தேறிகள், அல்லது கையில் ஒன்றும் இல்லாதவர்கள். சொந்த நிலமும் ஊர் மதிலும் உள்ளவர்கள் அந்தக் கதைகளில் பல தடவை கதவைச் சாத்துகிறவர்களாகவே வருகிறார்கள்.

ஆபிரகாமிலிருந்தே தொடங்குவோம். ஆதியாகமம் 18ஆம் அதிகாரம். இடம் எப்ரோனுக்குப் பக்கத்தில் மம்ரே. வேளை உச்சிவெயில். கூடார வாசலில் உட்கார்ந்திருக்கிற கிழவருக்கு வயது 99. தூரத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. கிழவர் எழுந்து ஓடுகிறார். தரைமட்டும் குனிகிறார். கால் கழுவக் கொஞ்சம் தண்ணீர், பசியாறக் கொஞ்சம் அப்பம், அவ்வளவுதான் என்று வாயால் சொல்கிறார். பிறகு கூடாரத்துக்குள் ஓடிப்போய்ச் சாராளிடம் கேட்பது மூன்று சேயா மெல்லிய மாவு!

மூன்று சேயா என்பது ஏறத்தாழ 22 லிட்டர் கொள்ளும் அளவு என்று கணக்கிடுகிறார்கள். எடை போட்டால் 12 கிலோ மாவுக்குக் குறையாது. சாப்பிடப் போகிறவர்கள் மூன்று பேர். பிசைய வேண்டியவளுக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது. நம் பிரசங்கிமார் ஆபிரகாமின் ஓட்டத்தைப் புகழ்கிறார்கள். மாவு பிசைந்த கையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்தப் பந்தியில் சாராள் உட்காரவும் இல்லை. கூடாரத்துக்குள் நின்று, தனக்குப் பிள்ளை பிறக்கும் என்று விருந்தாளி சொன்னதைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று அதற்கும் ஒரு விசாரணை. விருந்தோம்பலின் செலவுக் கணக்கை யாராவது நேர்மையாக எழுத வந்தால், முதல் வரியில் அடுக்களையில் நின்றவளின் பெயரை எழுத வேண்டும்.

ஆபிரகாமுக்கு அந்த நாட்டில் என்ன இருந்தது? ஆடுமாடு இருந்தது, வேலைக்காரர்கள் இருந்தார்கள். நிலம் இல்லை. சாராள் இறந்தபோது, புதைக்க இடம் கேட்டு ஏத்தின் புத்திரர் முன்னால் நின்று, நான் உங்களிடம் ஒண்ட வந்தவன் என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார். 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து மக்பேலா குகையையும் அதைச் சேர்ந்த வயலையும் வாங்குகிறார். வாக்களிக்கப்பட்ட தேசம் முழுவதிலும் அவர் கைக்காசு கொடுத்துப் பத்திரம் முடித்ததாக வேதம் சொல்லும் ஒரே மண், கல்லறை மண்தான்.

மம்ரே விருந்துக்கு அடுத்த அதிகாரத்திலேயே ஆபிரகாமின் சகோதரன் மகன் லோத்து வருகிறார். சோதோமின் வாசலில் உட்கார்ந்திருந்து, வந்த இருவரை வருந்தி அழைத்துப் போய்ப் புளிப்பில்லாத அப்பம் சுட்டுப் போடுகிறார். அன்றிரவு ஊர் திரண்டு வந்து வீட்டைச் சூழ்ந்துகொள்கிறது. தடுக்கப் பார்த்த லோத்தை அவர்கள் என்ன சொல்லி ஏசுகிறார்கள் தெரியுமா? பிழைக்க வந்தவன் நமக்கு நியாயம் சொல்கிறானே என்று. மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஏச்சாகவா தெரிகிறது? கதவு திறந்தவன் வெளியூர்க்காரன், கதவை உடைக்க வந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். சோதோமின் குற்றம் எது என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி பின்னாளில் எடுத்துச் சொல்லும்போது, கர்வம், நிறைந்த சாப்பாடு, சுகமான ஓய்வு, இவ்வளவும் இருந்தும் ஏழையின் கையைப் பிடித்துத் தூக்காதது என்றே தொடங்குகிறார்.

இதே கதை இன்னும் கொடூரமாக நியாயாதிபதிகள் 19இல் திரும்ப வருகிறது. ஒரு லேவியன் தன் மறுமனையாட்டியோடும் வேலைக்காரனோடும் பெத்லகேமிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கிறான். பொழுது சாய்கிறது. பக்கத்தில் எபூசியரின் ஊர். அங்கே தங்கலாம் என்கிறான் வேலைக்காரன். அது அந்நியர் ஊர், வேண்டாம், நம்மவர் ஊரான கிபியாவுக்கே போய்விடலாம் என்கிறான் எஜமான். நம்மவர் ஊரில் ஒருவரும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. அவனிடம் கழுதைக்கு வைக்கோல் இருந்தது, தங்களுக்கு அப்பமும் திராட்சரசமும் இருந்தன. தலைசாய்க்க இடம் மட்டுமே தேவை. கடைசியில் வயலில் வேலை முடித்துத் திரும்பும் ஒரு முதியவர் கூட்டிப்போகிறார். அவர் எப்பிராயீம் மலைநாட்டுக்காரர். கிபியாவில் வந்து குடியிருப்பவர்.

அன்றிரவு நடந்ததை இந்த மேடையில் விவரிக்க எனக்கு மனமில்லை, ஒளிக்கவும் மாட்டேன். லோத்து தன் மகள்களைக் கும்பலிடம் விட முன்வந்தார்; விருந்தாளிகளாக வந்திருந்த தூதர்கள் தடுத்ததால் அவர்கள் தப்பினார்கள். கிபியாவில் அந்தப் பெண்ணுக்கு அப்படி யாரும் வரவில்லை. விருந்தாளியைக் காப்பது புனிதக் கடமை என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்த இரண்டு வீடுகளிலும் அந்தக் கடமை ஆண் விருந்தாளியைக் காக்கப் பெண்ணை விலையாகக் கொடுக்கத் துணிந்தது. விவிலியம் இதைச் சாதித்தவர்களின் வரலாறாக எழுதவில்லை. ராஜா இல்லாமல் அவனவன் தனக்குச் சரியெனப் பட்டதைச் செய்த காலம் என்று சொல்லியே அந்தப் புத்தகத்தை முடிக்கிறது. விருந்தோம்பலைப் பற்றிய புகழுரைகளில் இந்த அதிகாரம் மட்டும் எப்போதும் காணாமல் போய்விடுகிறது. பெரிய மனசு ஒன்றை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கடுமையான சாட்சி வேறு இல்லை என்பதால்தான் இங்கே எடுத்தேன்.

நியாயப்பிரமாணம் வேறொரு வழியில் போகிறது. திருக்குறளில் விருந்தோம்பல் இல்லறவியலில் வருகிறது. அது வீட்டாரின் பண்பு. மோசேயின் சட்டத்தில் அந்நியரைப் பற்றிய கட்டளைகள் கூலி, அறுவடை, வழக்குமன்றம் ஆகியவற்றோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. அறுக்கும்போது வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே. சிந்திய கதிரைப் பொறுக்காதே. மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே. ஒலிவ மரத்தை ஒருமுறை உதிர்த்த பிறகு கிளை கிளையாய்த் தேடாதே. மிச்சமெல்லாம் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும். மூன்றாம் வருடத் தசமபாகத்தில் லேவியனோடு சேர்த்து இவர்களுக்கும் பங்கு. ஏன் என்று கேட்டால் காரணமும் கூடவே எழுதப்பட்டிருக்கிறது: நீங்களும் எகிப்தில் அப்படி இருந்தவர்கள்.

இந்தச் சட்டத்தின் நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. மிச்சம் விட்ட வயலில் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. கும்பிடு இல்லை, நன்றி இல்லை, புகைப்படம் இல்லை. வந்தவன் தன் முதுகை வளைத்துத் தானே பொறுக்கிக்கொள்கிறான். அது அவன் உழைப்பு, அவன் உரிமை.

இது வெறும் ஏட்டுச் சட்டமாக நின்றுவிடவில்லை என்று காட்டுகிறது ரூத்தின் கதை. அவள் மோவாபியப் பெண். மோவாபியரைச் சபையில் சேர்க்கக் கூடாது, பத்தாம் தலைமுறையானாலும் கூடாது என்கிறது உபாகமம். சொல்லும் காரணங்களில் முதலாவது: எகிப்திலிருந்து நீங்கள் வந்த வழியில் அவர்கள் அப்பமும் தண்ணீரும் கொண்டு எதிரே வரவில்லை. சோறு போடாத பழிக்குப் பத்துத் தலைமுறைத் தடை! அந்த மோவாபின் மகள்தான் பெத்லகேமின் வயலில் கதிர் பொறுக்குகிறாள். வயல்காரன் போவாஸ் அவளை அதட்ட வேண்டாம் என்று வேலைக்காரரிடம் சொல்வதோடு நிற்கவில்லை. கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சில கதிர்களை உருவிப் போட்டுவிடச் சொல்கிறான். சாயங்காலம் அவள் தட்டி அளந்தபோது ஏறக்குறைய ஒரு எப்பா வாற்கோதுமை. ஒரு எப்பா என்பது மூன்று சேயா. சாராள் மூன்று விருந்தாளிகளுக்காகப் பிசைந்த அதே அளவு. கதை எழுதியவர் இதை எண்ணித்தான் எழுதினாரா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. போவாஸின் தாய் எரிகோவின் ராகாப் என்று மத்தேயுவின் வம்ச அட்டவணை சொல்கிறது: இஸ்ரவேலின் வேவுகாரருக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்த அந்நியப் பெண். அவள் மகன் வயலில் யாருக்காகக் கதிர் சிந்தும் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சாறிபாத் விதவையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். பஞ்சக் காலம், சீதோன் நாட்டுப் பெண், பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். கையில் இரண்டு விறகு. அந்த மாவையும் சுட்டுத் தின்று மகனோடு சாகலாம் என்றிருந்தவளிடம், முதலில் எனக்கு ஒரு சிறிய அடை சுட்டுக் கொண்டுவா என்று எலியா கேட்கிறார். கேட்டவருக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு. நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு இந்தக் கதையை எடுத்தார். இஸ்ரவேலில் எத்தனையோ விதவைகள் இருந்தும் எலியா அனுப்பப்பட்டது ஓர் அந்நியப் பெண்ணிடம் என்று நினைவுபடுத்தினார். அதுவரை ஆவென்று கேட்டுக்கொண்டிருந்த சொந்த ஊர், அவரை மலைச்சரிவிலிருந்து தள்ளிவிடக் கூட்டிப்போனது.

முதல் நூற்றாண்டுச் சபைக்கு வருவோம். ரோமச் சாலைகள் நன்றாக இருந்தன. சத்திரங்களுக்கு நல்ல பெயர் இல்லை. ஊர் ஊராகப் போன போதகர்கள் வீடுகளை நம்பித்தான் நடந்தார்கள். பிலிப்பியில் பவுலைத் தன் வீட்டில் தங்கச் சொல்லி வற்புறுத்திய லீதியாள் அந்த ஊர்க்காரி அல்ல. தியத்தீராவிலிருந்து இரத்தாம்பரம் விற்க வந்த வியாபாரி. கப்பல் உடைந்து மெலித்தா தீவில் கரையேறியவர்களுக்கு மழையிலும் குளிரிலும் தீ மூட்டிக் கொடுத்தவர்கள், கிரேக்கம் பேசத் தெரியாத அந்தத் தீவுவாசிகள். யோவானின் மூன்றாம் நிருபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக் கடிதமும் விருந்தாளித் தகராறுதான். காயு என்பவர் வழிப்போக்கரை ஏற்கிறார். தியோத்திரேப்பு என்பவர் ஏற்பதில்லை. ஏற்கிறவர்களையும் சபைக்கு வெளியே தள்ளுகிறார். சபையில் முதலிடம் வேண்டுமென்று ஆசைப்பட்ட ஆள் என்று அவரைப் பற்றிக் கடிதம் சொல்கிறது. நாற்காலிக்கும் கதவுத் தாழ்ப்பாளுக்கும் உள்ள உறவு பழையது.

அதே நேரம் விருந்தோம்பலை வைத்துப் பிழைத்தவர்களும் இருந்தார்கள். இரண்டாம் நூற்றாண்டின் கிண்டல்காரர் லூசியான், பெரெகிரினுஸ் என்ற ஆசாமியைப் பற்றி எழுதினார். கிறிஸ்தவர்கள் அவருக்குச் சிறைக்கே சாப்பாடு கொண்டுபோனதையும், தூரத்து ஊர்களிலிருந்து பணம் திரட்டி வந்ததையும் சொல்லிச் சிரிக்கிறார். சபைகளும் விவரம் தெரியாமல் இல்லை. 1873இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கைப்பிரதியாகக் கிடைத்து 1883இல் அச்சான 'திதாகே' என்ற ஆதிச்சபைக் கையேட்டில் இதற்கான நடைமுறை இருக்கிறது. அப்போஸ்தலர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் ஒரு நாள் தங்கலாம். தேவையென்றால் இரண்டாம் நாளும். மூன்றாம் நாளும் கிளம்பவில்லையா, அவர் போலித் தீர்க்கதரிசி. கிளம்பும்போது அடுத்த ஊர்வரைக்கும் அப்பம் கொடுங்கள்; பணம் கேட்டால் போலி. சாதாரண வழிப்போக்கர் இரண்டு மூன்று நாள் இருக்கலாம். அங்கேயே குடியிருக்க விரும்பினால், கைத்தொழில் தெரிந்தவர் உழைத்துச் சாப்பிடட்டும். தொழில் தெரியாதவருக்குச் சபையே யோசித்து ஒரு வழி செய்யட்டும். இதைப் படிக்கும்போது இந்தச் சபையார் பலமுறை ஏமாந்திருக்கிறார்கள் என்று புரிகிறது. ஏமாந்தும் கதவைச் சாத்தாமல், நாள் கணக்கை மட்டும் ஒழுங்குபடுத்திக்கொண்டார்கள்.

நான்காம் நூற்றாண்டில் ஒரு விசித்திரம். பழைய கிரேக்க தெய்வ வழிபாட்டை மீட்க நினைத்த ஜூலியன் பேரரசர், 362 வாக்கில் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதுகிறார்: கலிலேயர், அதாவது கிறிஸ்தவர், தங்கள் ஏழைகளை மட்டுமல்ல, நம் ஏழைகளையும் போஷிக்கிறார்கள், நமக்கு அவமானம், ஊருக்கு ஊர் சத்திரம் கட்டுங்கள். அதற்காக 30,000 மோடியஸ் கோதுமையும் 60,000 செக்ஸ்டாரியஸ் திராட்சை மதுவும் ஒதுக்குகிறார். ஒரு மோடியஸ் சுமார் 8.7 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு பூசாரிகளுக்குப் பணிவிடை செய்யும் ஏழைகளுக்கு, மீதி அந்நியருக்கும் பிச்சைக்காரருக்கும். இது கிறிஸ்தவர் கண்டுபிடிப்பல்ல, நம் ஹோமரிலேயே இருக்கிறது என்று காட்ட, ஒடிசியஸுக்குத் தன் குடிசையில் சோறு போட்ட பன்றி மேய்ப்பன் யூமேயஸை உதாரணம் சொல்கிறார். யூமேயஸ் யார்? சின்ன வயதில் கடத்தப்பட்டு அந்நிய நாட்டில் அடிமையாக விற்கப்பட்டவன். என் கட்சிக்கு ஜூலியனே சாட்சி சொல்லிவிட்டார்.

ஜூலியன் அடுத்த ஆண்டே போரில் இறந்தார். சில ஆண்டுகளில், 368-69இன் பஞ்சத்தை அடுத்து, கப்பதோக்கியாவின் செசரியாவில், அதாவது இன்றைய துருக்கியின் கைசேரியில், பசிலியு ஆயர் ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கும் வழிப்போக்கருக்கும் ஒரு பெரிய இல்லம் எழுப்பினார். அதைப் புதிய நகரம் என்றே வர்ணித்தார் நண்பர் நசியான்சின் கிரகோரியார். மருத்துவமனை என்னும் அமைப்பின் வரலாறு எழுதுகிறவர்கள் இதை விடுவதில்லை.

ஆனால் இங்கேதான் எனக்கு ஒரு தயக்கம். சபை சத்திரம் கட்டியதும் வீட்டுக்காரர் தப்பித்துக்கொண்டார். கி.பி. 400ஐ ஒட்டிக் கான்ஸ்டாண்டிநோபிளில் பிரசங்கித்த கிறிசோஸ்தோமுக்கு இது எரிச்சலை ஊட்டியிருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் பற்றிய ஒரு பிரசங்கத்தில், சபைக்குத்தான் விடுதி இருக்கிறதே என்கிறவர்களிடம், வேறொருவர் ஜெபித்தால் உன் ஜெபம் முடிந்துவிட்டதா என்ற பொருளில் கேட்கிறார். உன் வீட்டிலேயே ஓர் அறை ஒதுக்கு, ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு விளக்குத்தண்டு போடு என்கிறார். சூனேமில் ஒரு பெண் எலிசாவுக்காக மாடியில் கட்டிய அறையில் இருந்த சாமான்கள் இவை. நாற்காலி ஒன்றுதான் குறைகிறது. நம் சபைகளிலும் விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன. அறிமுகக் கடிதம், ஆதார் நகல், முன்பணம் எல்லாம் கேட்கின்றன. கேட்கட்டும், திதாகேயும் கேட்டது. என் கேள்வி சபை விடுதியைப் பற்றியதல்ல, நாம் வங்கிக் கடன் வாங்கிக் கட்டும் வீட்டின் வரைபடத்தைப் பற்றியது.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அந்நியர் தூரதேசத்திலிருந்து வரவும் வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மதுரைப் பகுதியில் இயங்கிய அமெரிக்க மிஷன், சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று வற்புறுத்தியபோது, ஒரே கிண்ணத்தில் நற்கருணை எடுத்தவர்களில் பலர் ஒரே பந்திக்கு வர மறுத்தார்கள். தென்மாவட்டத்துச் சபைகளில் இன்று அசன விருந்து நடக்கும்போது ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிறது, மதம் பார்க்காமல். பார்க்க நிறைவாக இருக்கும். அந்தப் பந்தியில் யார் சமைத்தார்கள், யார் பரிமாறினார்கள், யார் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார்கள் என்பதையும் பார்க்கத் தெரிந்தவர்கள் பார்க்கட்டும்.

கடைசியாகப் பிரான்சின் ஒரு மலைக்கிராமம், இரண்டாம் உலகப்போர்க் காலம். ல ஷம்போன் சுர் லின்யோன், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில். அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டுகள். கத்தோலிக்க நாட்டில் சிறுபான்மையினர். 1685இல் மன்னர் அவர்கள் வழிபாட்டைத் தடை செய்தபின் பல தலைமுறை ஒளிந்து வழிபட்டவர்களின் பேரப்பிள்ளைகள். போதகர் அந்திரே திரோக்மே. மனைவி மக்தா, ஃப்ளாரன்ஸில் பிறந்தவர், பிரெஞ்சுக்காரி அல்ல. 1940-41 குளிர்காலத்தில் ஒரு நாள் ஜெர்மானிய யூதப் பெண் ஒருவர் பனியில் நனைந்து வந்து கதவைத் தட்டினார். மக்தா உள்ளே அழைத்தார். பிறகு ஒழுங்காகச் செய்வோம் என்று நம்பி மேயரிடம் போய் அந்தப் பெண்ணுக்கு ஆவணங்கள் கேட்டார். அவளை உடனே அனுப்பிவிடுங்கள் என்றார் மேயர். அனுப்ப வேண்டியதாயிற்று. அதன்பின் மக்தா யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அடுத்த நான்கு ஆண்டுகள் அந்தப் பீடபூமியின் பண்ணை வீடுகளிலும் பள்ளி விடுதிகளிலும் யூதக் குழந்தைகளும் பெரியவர்களும் தங்கினார்கள். போலி அடையாள அட்டைகள் தயாராயின. 1943 பிப்ரவரியில் போதகரைக் கைதுசெய்யப் போலீசார் வந்தபோது சாப்பாட்டு வேளை. மக்தா அவர்களையும் மேசையில் உட்காரச் சொன்னார். சிரியப் படையைப் பிடித்துவந்த எலிசா, அவர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பச் சொன்னது நினைவுக்கு வருகிறது. மக்தாவோ இதை வேத வசனமாக்கிப் பேசுகிறவர் அல்ல. போதகரின் உறவினர் தானியேல் திரோக்மே, தான் கவனித்துவந்த மாணவர்களோடு கைதாகி, 1944இல் மைதானெக் முகாமில் இறந்தார்.

யூத மக்களைக் காத்தோருக்கு இஸ்ரேலின் யாத் வாஷெம் அளிக்கும் கௌரவம் பொதுவாகத் தனிநபருக்குரியது. 1990இல் இந்தக் கிராமத்தையும் சுற்றுவட்டாரத்தையும் ஒட்டுமொத்தமாகக் கௌரவித்தார்கள். காப்பாற்றப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. சிலர் ஆயிரம் என்கிறார்கள், சிலர் பல ஆயிரம். அந்த வீடுகளில் யாரும் விருந்தினர் பதிவேடு வைக்கவில்லை. வைத்திருந்தால் அதுவே கெஸ்டபோவின் கைக்குப் போகும் பட்டியலாகியிருக்கும்.